அண்ணியின் பித்தப்பை

போன வாரம் நம் கணக்கு டீச்சரை ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக உள்ளேயே நிற்கிறாள். இறக்கிவிடுவோம்.

அதற்கு முன், புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. டீச்சரின் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றிக் கீழே இறக்குகிற மனிதர் குடியிருப்பதோ, லிஃப்டே இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். அவர் மனைவி, அதாவது டீச்சரின் அண்ணி, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். உடம்பு கனத்து, முழங்கால் தேய்ந்து, சர்க்கரையும் சேர்ந்துகொண்டதில், ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் தெருவில் கால் வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. துணி மேலே வரும், தைத்த சட்டை கீழே போகும், அவள் மட்டும் அங்கேயே இருப்பாள்.

கடைசியில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்வது என்று அவளே முடிவெடுத்தாள். வீட்டில் அதை எதிர்த்த ஒரே ஆள் டீச்சர். "வாயைக் கட்டினா போதும், வயித்தை எதுக்கு வெட்டணும்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டாள். ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் வெறும் சூப்பும் பவுடர் கரைத்த பாலும்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு வாரமும் டீச்சர் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அதைக் கவனித்தாள்.

இன்றைக்குத்தான் ஆபரேஷன்.

லிஃப்ட் கதவு திறந்ததும் அண்ணன் வெளியே நின்றிருந்தார். வா என்று சொல்லவில்லை. மூடும்போது ஏதாவது கீச்சென்று கேட்டதா என்று கேட்டார். கேட்டது என்றாள் டீச்சர். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. காலையிலிருந்து அவருக்குப் புரிந்த ஒரே கோளாறு அதுதான் போலிருக்கிறது.

அறைக்குள் அண்ணி ஆஸ்பத்திரி அங்கியில், பச்சைத் தொப்பியில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அங்கியின் ஓரத்தை மடித்து டீச்சரிடம் காட்டினாள். இந்தத் தையல் இன்னொரு துவைப்புக்குத் தாங்காது என்றும், இங்கே ஆட்களை ஒழுங்காகத் தைப்பார்களா என்று இதைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது என்றும் சொன்னாள். பயந்தவர்கள் ஒன்று பேசாமல் இருப்பார்கள், இல்லாவிட்டால் இப்படிப் பேசுவார்கள்.

டாக்டர் வந்தார். ஒல்லியான, குட்டையான பெண். வெள்ளைக் கோட்டு மட்டும் இல்லையென்றால் டீச்சர் அவரிடம் வீட்டுப்பாடம் கேட்டிருப்பாள். கட்டில் நுனியில் உரிமையோடு உட்கார்ந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்கேன்ல உங்க பித்தப்பையில கல் இருக்குன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா? வலி குடுக்காத கல்லை நான் சீண்ட மாட்டேன். மாத்திரை குடுத்துப் பாத்துக்கலாம். ஆனா ஏற்கெனவே வலி குடுத்த கல்லுன்னா கதை வேற. நீங்க இனிமே வேகமா இளைப்பீங்க. அப்ப பித்தம் கெட்டிப்பட்டு அது இன்னும் மோசமா வேலை காட்டும். அதனால இரைப்பையோட சேத்து அதையும் எடுத்துடுவேன். கடைசியா ஒரு தடவை கேக்கறேன். சாப்பிட்டப்புறம் வலது விலாவுக்குக் கீழே எப்பவாவது வலிச்சிருக்கா?"

"இல்லைங்க டாக்டர்" என்றாள் அண்ணி. தைக்கவே ஆரம்பிக்காத சட்டையை நாளைக்குத் தந்துவிடுகிறேன் என்று சொல்லும் அதே குரலில்.

அது பொய் என்று டீச்சருக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டு அவள் அங்கே போயிருந்தபோது, அண்ணி தையல் மெஷின் மேலேயே குப்புறக் கவிழ்ந்து கிடந்தாள். வலது விலாவை அழுத்திப் பிடித்த கை. நெற்றியெல்லாம் வியர்வை. வலி முதுகைத் துளைத்துக்கொண்டு தோள்பட்டைக்கு ஏறுகிறது என்று திணறித் திணறிச் சொன்னாள். அந்த வலியிலேயே இன்னொன்றும் சொன்னாள், அது இப்போதைக்கு இருக்கட்டும். செத்துவிடுவேன் என்று அவள் நினைத்ததும், அப்படியே டீச்சரும் நினைத்ததும் உண்மை. வலி மெல்ல இறங்கியதும் அண்ணி முதலில் செய்த காரியம், இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று டீச்சரிடம் சத்தியம் வாங்கியதுதான்.

போன தடவை தேதி குறித்த பிறகு லேசான இருமல் என்று உண்மையைச் சொல்லப்போய், ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். தள்ளியது மாதக்கணக்கில் இழுத்தது. இதையும் சொன்னால் நிரந்தரமாக நாலாவது மாடிதான் என்று அண்ணி கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு தப்பு. ஆனால் அவளுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியை வைத்துப் போட்ட கணக்கு.

டாக்டர் சரியென்று எழுந்து போனார். ஸ்ட்ரெச்சர் வந்தது. படுத்த வாக்கில் அண்ணி டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். வண்டி வராந்தா திருப்பத்தில் மறைந்தது.

டீச்சரின் சங்கடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த ஆபரேஷனே கூடாது என்று ஊரைக் கூட்டியவள் அவள். கடைசி நிமிஷத்தில் போய், அண்ணிக்கு இன்னொரு வியாதியும் இருக்கிறது என்று அவளே சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்லாமல் விட்டால் அந்தப் பை உள்ளேயே இருக்கும். அடுத்த தடவை அந்த வலி வரும்போது பக்கத்தில் யார் இருப்பார்களோ. டாக்டர் சொன்னது அவள் காதில் நன்றாக விழுந்திருந்தது. வேகமாக இளைத்தால் இன்னும் மோசம்.

முதலில் அண்ணனிடம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் இறுகிவிட்டது.

"உனக்கு எப்படியாவது இதை நிறுத்தணும். அவ்வளவுதானே?"

"இல்லண்ணா."

"அவளே வலி இல்லேங்கறா. உனக்கு வலிக்குதா?"

டீச்சர் திரும்பி நடந்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தது. எத்தனையோ பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தவள், கோட்டுக்கு இந்தப் பக்கம் கைகட்டி நின்று, போகிற வருகிற சிஸ்டர்களிடம் டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வந்தார். டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். எந்த இடம், எவ்வளவு நேரம், வாந்தி வந்ததா, முதுகில் எந்தப் பக்கம் என்று டாக்டர் கேட்கக் கேட்க, தன் உடம்பிலேயே கை வைத்துக் காட்டினாள். கடைசியில், இதனால் ஆபரேஷன் நின்றுவிடுமா என்று கேட்டபோது அவள் குரல் உடைந்துவிட்டது. நிற்கக்கூடாது என்று தான் இவ்வளவு ஆசைப்படுவது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"எதுக்கும்மா நிக்கணும்? ரெண்டையும் ஒரே நேரத்துல முடிச்சிடலாம். இருங்க, அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று டாக்டர் உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சிஸ்டர் வெளியே வந்து, பேஷண்ட் வலி வந்ததை ஒப்புக்கொண்டார்கள், பித்தப்பையையும் எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள் என்று அண்ணனிடம் சொன்னாள். டீச்சர் பின்னாலேயே ஓடிப்போய், அண்ணி வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டினாங்க. அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டாங்க."

அதன் பிறகு காத்திருப்பு. அண்ணனும் தங்கையும் நடுவில் ஒரு காலி நாற்காலியை விட்டு உட்கார்ந்தார்கள். வராந்தாவில் லிஃப்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அண்ணனின் காது அந்தப் பக்கம் திரும்பியது. மனைவியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிற மாதிரி ஒரு காது இருந்திருந்தால் அவர் தன் காதைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டிருப்பார்.

மத்தியானம் சாயும் வேளையில் உதவி டாக்டர் ஒருவர் வந்தார். இரைப்பை வேலை நன்றாக முடிந்துவிட்டது என்றார். இருவரும் எழுந்தே விட்டார்கள். ஆனால் பித்தப்பை சுற்றிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, பிரித்தெடுக்க நேரமாகும், பதறவேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். பதறவேண்டாம் என்று சொன்ன பிறகு பதறாத குடும்பம் எங்கே இருக்கிறது?

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா இந்நேரம் வெளியே வந்திருப்பா."

அது உண்மை என்று டீச்சருக்கே தெரியும். உள்ளே ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால், அது அவள் சொன்ன ஒரு வார்த்தையால் ஆனது. அந்தப் பயத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள், நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விரல்கள் மரத்துப்போகும்வரை.

கடைசியில் கதவு திறந்தது. டாக்டர் களைத்துப்போயிருந்தார், ஆனால் கண் சிரித்தது. நன்றாக இருக்கிறார்கள், கண்விழிக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார். அண்ணன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். டாக்டர் போகாமல் நின்று, "பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் ஒரு சின்ன அறை. மேஜையில் கம்ப்யூட்டர். உள்ளே விட்ட கேமரா எடுத்ததை ஓடவிட்டார். ரத்தக்களறியைப் பார்க்கப்போகிறோம் என்று டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரத்தமே இல்லை. முதலில் தெரிந்தது பொன்னிறம். காற்று ஊதிக் கூடாரம்போல் உயர்த்திய வயிற்றுக்குள், மடிப்பு மடிப்பாக மஞ்சள் கொழுப்பு பளபளத்துக்கொண்டு கிடந்தது. இத்தனை வருஷம் அண்ணியின் பருமனை வெளியிலிருந்து பார்த்து உதட்டைச் சுழித்தவள் டீச்சர். உள்ளே அது இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு ஒளியாக இருக்கும் என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்?

கேமரா மேலே போனது. கருஞ்சிவப்பில் வழவழவென்று ஒன்று, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. அதன்மேல் அடிக்கடி ஒரு சின்ன அதிர்வு ஓடியது.

"அது என்ன துடிக்குது?" என்றார் அண்ணன்.

"அது கல்லீரல், அது துடிக்கலை. மேலே ஒரு திரை தெரியுது பாருங்க, அதுக்கு அந்தப் பக்கம் இதயம். அது அடிக்கற அடி இங்க வரைக்கும் தெரியுது."

அண்ணன் கம்ப்யூட்டருக்கு அருகே குனிந்தார். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் இதயம். அது வேலை செய்கிற வேகத்தை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார். வாழ்நாளெல்லாம் சுவருக்குப் பின்னால் ஓடுகிற இயந்திரங்களோடு பழகியவர், ஒரு மாணவனைப்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் கல்லீரலின் ஓரத்தை விரலால் சுட்டினார். "முதல் ஸ்கேன்ல இது பெருத்து வழி மறிச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பப் பாருங்க, சுருங்கி எனக்கு இடம் விட்டிருக்கு. ரெண்டு வாரம் சொன்னபடி சாப்பிட்டவங்களை உள்ளே போன உடனே தெரிஞ்சிடும். இவங்க ஏமாத்தலை. ஏமாத்தியிருந்தா இதைத் தூக்கிப் பிடிச்சு நான் பித்தப்பைகிட்ட போயிருக்கவே முடியாது."

டீச்சர் தலை குனிந்தாள். டப்பாவைத் தூக்கிப் பார்த்தவளுக்குப் பதில் அந்தக் கருஞ்சிவப்பு ஓரத்தில் இருந்தது. ஒரு மனுஷி தனியாக, நாலாவது மாடியில், பசியோடு உட்கார்ந்து தன் கல்லீரலையே சின்னதாக்கியிருக்கிறாள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்து பித்தப்பை. அதாவது, இருக்கவேண்டிய இடத்தில் அது தெரியவில்லை. மஞ்சள் கொழுப்புதான் ஒரு போர்வைபோல் அந்த இடத்தைச் சுற்றி மூடியிருந்தது. டாக்டர் படத்தை நிறுத்தினார்.

"இதுதான் எங்களுக்கு நேரம் எடுத்துச்சு. ஒவ்வொரு தடவை அந்தப் பை புண்ணானப்பவும், உடம்பு தன்கிட்ட இருக்கற கொழுப்பைக் கொண்டுவந்து அதைப் போத்தி வச்சிருக்கு. தொந்தரவு வெளியே பரவக்கூடாதுன்னு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை. நிறைய தடவை வலிச்சிருக்கும்மா இவங்களுக்கு."

ஊரே பழித்த அந்தக் கொழுப்புதான், யாருக்கும் சொல்லாமல், எத்தனையோ மத்தியானம் அண்ணியைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. டீச்சருக்குக் கும்பிடவேண்டும்போல் இருந்தது. யாரை என்று தெரியவில்லை. டாக்டரையா, அண்ணியையா, அந்த மஞ்சள் போர்வையையா?

டாக்டர் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். அறுத்துத் திறந்த, தடித்துப்போன ஒரு குட்டிப் பை. உள்ளே பழுப்பும் பச்சையுமாகக் கற்கள். அதில் ஒன்று பையின் கழுத்தில் மூடிபோல் சிக்கியிருந்ததாம். கற்கள் உருண்டையாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் பட்டை பட்டையாக முகங்கள், ஒன்றின் முகம் பக்கத்துக் கல்லின் முகத்தோடு அச்சாகப் பொருந்தியது. கரும்பலகையில் கனவடிவம் வரைந்தே கை ஓய்ந்தவள், வெளிச்சமே இல்லாத ஓர் இடத்தில் ஒன்றோடொன்று உரசி உரசி இவை தீட்டிக்கொண்ட விளிம்புகளை வாய் பிளந்து பார்த்தாள்.

பித்தப்பை இல்லாமல் எப்படிச் செரிக்கும் என்று அண்ணன் கவலையோடு கேட்டார். பித்தத்தைச் செய்வது கல்லீரல், இது சேர்த்துவைக்கும் பை மட்டும்தான், இனி நேராகக் குடலுக்குப் போய்விடும் என்றார் டாக்டர்.

"மொட்டை மாடித் தொட்டியை எடுத்துட்டு நேர் லைன் குடுத்த மாதிரி" என்றார் அண்ணன்.

"அதேதான்."

வெளியே வந்ததும் அண்ணன் இந்தத் தடவை நடு நாற்காலியை விடவில்லை. தங்கையின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "என்கிட்டயும் ஒரு தடவை சொன்னா. வாயுன்னு சொல்லி சோடா வாங்கிக் குடுத்தேன்" என்றார். டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்கால வெயில் ஜன்னலில் இருக்கும்போதே உள்ளே விட்டார்கள். அண்ணியின் உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் கூடாது என்று சிஸ்டர் ஈரப் பஞ்சால் தொட்டுத் தொட்டு எடுத்தாள். டீச்சர் கால்மாட்டிலேயே நின்றுவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிய அந்த முகம் அவளை இன்னும் விட்டபாடில்லை.

அண்ணி மெதுவாகக் கண் திறந்து அவளைத் தேடிப் பிடித்தாள்.

"எனக்கு சத்தியம் பண்ணிக் குடுத்தியே."

"குடுத்தேன் அண்ணி."

"மீறிட்டே."

"மீறிட்டேன்."

அண்ணி கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தார்கள். பிறகு மூடிய கண்ணோடு பேசினாள்.

"எனக்கு எங்க வலிச்சாலும், முதல்ல இளைங்க, எல்லாம் சரியாயிடும்னுதான் சொல்லுவாங்க. பல்வலிக்குக்கூட அதையே சொன்னாங்க. அப்புறம் நான் சொல்றதையே விட்டுட்டேன். எனக்கு வலிக்குதுங்கறதை நம்பி, எனக்காக ஒருத்தி கதவைத் தட்டினது இதான் முதல் தடவை."

மன்னிப்பு என்று டீச்சர் தொடங்கியது வேறெங்கோ போய் முடிந்தது.

"உங்க கல்லீரலைப் பாத்தேன் அண்ணி. ரொம்ப அழகா இருக்கு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு வலியும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் பிரிந்தால் தானே திருப்பித் தைக்கவேண்டிவரும், சிரிக்க வைக்காதே என்று கெஞ்சினாள். பிறகு கையை நீட்டினாள். டீச்சர் பக்கத்தில் போய்ப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் குளிர்ந்திருந்தது, ஆனால் பிடி விடவில்லை.

"அன்னிக்கு வலியில உன்கிட்ட இன்னொண்ணும் சொன்னேன்" என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி. "அதையும் நம்பினியா?"

டீச்சர் அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

"நம்பினேன்."

கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்த அண்ணன் மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"எதை?" என்றார்.